செவ்வாய்க்கிழமை காலை அரசாங்கம்

(கலிஃபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் தமிழர் கூடுகை ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உள்ளூர் ஆட்சியைப் பற்றிப் பேசுங்கள், ஆனால் யாருக்கும் தூக்கம் வராமல் பேசுங்கள் என்று அமைப்பாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். முதல் பாதிக்கு நான் பொறுப்பு. இரண்டாவது பாதிக்கு உத்தரவாதம் தர முடியாது. ஏனென்றால், இன்று நான் உங்களை அழைத்துப் போகிற இடம் அமெரிக்க அரசியலிலேயே மிகவும் சலிப்பான அறை. கவுண்டி போர்டு கூட்டம் நடக்கும் அறை. அதிலும் கூச்சலும் கேமராவும் நிறைந்த நாளில் அல்ல. வழக்கமான அலுவல் மட்டும் நடக்கிற ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்.

கவுண்டி என்பது ஏறக்குறைய நம் ஊர் மாவட்டம் போல. முதலில் இரண்டு கவுண்டிகளைச் சொல்லிவிடுகிறேன். சியரா நெவாடா மலைத்தொடரில் ஆல்பைன் கவுண்டி இருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 1,204 பேர். தெற்கே லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி இருக்கிறது. அங்கே ஏறத்தாழ ஒரு கோடிப் பேர். இரண்டையும் ஆள்வது ஐந்தைந்து பேர்தான். 'சூப்பர்வைசர்' என்று அவர்களுக்குப் பெயர்; அந்த ஐவர் குழுதான் போர்டு. ஆல்பைனில் ஒரு சூப்பர்வைசருக்கு இருநூற்றுச் சொச்சம் குடிமக்கள். லாஸ் ஏஞ்சலஸில் இருபது லட்சம். இது சரிப்படாது என்று லாஸ் ஏஞ்சலஸ் வாக்காளர்களே 2024 நவம்பரில் முடிவெடுத்து, ஐந்தை ஒன்பதாக்க ஒப்புதல் கொடுத்திருக்கிறார்கள். அது நடைமுறைக்கு வர அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை காத்திருக்க வேண்டும்.

கலிஃபோர்னியாவில் மொத்தம் 58 கவுண்டிகள். சான் பிரான்சிஸ்கோ மட்டும் விதிவிலக்கு. அங்கே நகரமும் கவுண்டியும் ஒன்றே, மேயரும் பதினோரு சூப்பர்வைசர்களும் உண்டு. மற்ற 57-லும் ஐவர் குழுதான்.

நம்மில் பலர் பத்து, இருபது ஆண்டுகளாக இங்கே வாழ்கிறோம். அதிபர் யார், செனட்டில் யாருக்குப் பெரும்பான்மை என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கிறது. நம் சூப்பர்வைசர் பெயரைக் கேட்டால் விழிக்கிறோம். ஆனால் கணக்குப் பாருங்கள். நம் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைக் கொடுத்தது கவுண்டி. வீட்டுப் பத்திரம் பதிவானது கவுண்டியில். டிசம்பர் 10, ஏப்ரல் 10 என்று மறக்காமல் கட்டுகிற சொத்து வரியை மதிப்பிடுவதும் வசூலிப்பதும் கவுண்டி. நாம் தோசை சாப்பிடப் போகிற கடையின் கதவில், சான்டா கிளாரா கவுண்டியாக இருந்தால், ஒரு பச்சை அட்டை ஒட்டியிருக்கும். சமையலறையைச் சோதித்துவிட்டு ஒட்டியவர் கவுண்டி சுகாதார ஆய்வாளர். தேர்தல் நடத்துவது, சிறைச்சாலை நடத்துவது, ஏழைகளுக்கு மருத்துவ உதவியும் உணவு உதவியும் வழங்குவது, நகர எல்லைக்கு வெளியே சாலை போடுவது, உரிமை கோர ஆளில்லாத பிணத்தை அடக்கம் செய்வது, எல்லாம் கவுண்டியின் தலையில்.

2020 மார்ச் 16-ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். வீட்டிலேயே இருங்கள் என்ற உத்தரவு அன்றுதான் வந்தது. அமெரிக்காவிலேயே முதலில் அப்படி உத்தரவிட்டது வாஷிங்டனும் அல்ல, சாக்ரமென்டோவும் அல்ல. நம் வளைகுடாப் பகுதியின் ஆறு கவுண்டிகளின் சுகாதார அதிகாரிகள். கலிஃபோர்னியாவில் கவுண்டி சுகாதார அதிகாரியை நியமிப்பது போர்டு. நியமனம் நடந்த அன்றைக்கு அது நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி. ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். பல ஆண்டு கழித்து அந்த ஒரு வரியில் பெயர் வந்தவர் கையெழுத்துப் போட்டார். லட்சக்கணக்கானவர்கள் வீட்டுக்குள் போனார்கள்.

இன்று நான் சொல்ல வந்தது இதுதான்: அரசாங்கம் நம்மைத் தொடுவது பெரும்பாலும் வழக்கமான அலுவல் வழியாகத்தான். அந்த வழக்கமான அலுவல், யாராவது ஒருவர் உட்கார்ந்து படித்தால் மட்டுமே ஒழுங்காக நடக்கும். படிக்க ஆளில்லாத இடத்தில் சட்டம் எவ்வளவு கதவைத் திறந்து வைத்தாலும் பயனில்லை.

இந்த ஐவருக்கு இருக்கிற அதிகாரத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்வோம். நம் ஊரில் மாவட்டம் என்றால் ஆட்சியர்; அவர் நியமிக்கப்பட்ட அதிகாரி. இங்கே கவுண்டியை ஆள்பவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அதோடு, சட்டமன்ற வேலையும் அமைச்சரவை வேலையும் ஒரே ஐந்து பேரிடம். காலையில் அவர்கள் ஒரு விதியை இயற்றுவார்கள். அடுத்த நிமிடமே அந்த விதியை நடத்தும் துறைக்குப் பணம் ஒதுக்குவார்கள். ஷெரிஃபும் மாவட்ட வழக்கறிஞரும் சொத்து மதிப்பீட்டாளரும் தனித்தனியே தேர்தலில் வருகிறவர்கள். ஆனால் அவர்களுடைய பட்ஜெட்டும் இந்த ஐவர் மேசைக்குத்தான் வர வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் ஆண்டு பட்ஜெட் 4,000 கோடி டாலருக்கும் மேல். ஊழியர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். பல நாடுகளின் அரசுகள் இதைவிடச் சிறியவை.

இவ்வளவையும் நடத்துகிற கூட்டம் எப்படி இருக்கும்? வாருங்கள், உள்ளே போவோம்.

கூட்டம் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை காலை. கொடி வணக்கம். வருகைப் பதிவு. பிறகு பாராட்டுகள். முப்பதாண்டு வேலை செய்து ஓய்வுபெறும் செவிலியர், மாநிலப் போட்டியில் வென்ற பள்ளி மாணவர்கள், ஏதோ ஒரு நோய் விழிப்புணர்வு மாதம். சட்டகம் போட்ட தீர்மானத் தாளை நடுவில் பிடித்துக்கொண்டு எல்லாரும் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பண்டிகைக் காலத்தில் நம் சங்கத்துக்காரர்கள் பட்டு வேட்டி சேலையில் போய் நிற்பது இந்தக் கட்டத்தில்தான். படம் எடுத்ததும் நாம் வெளியே வந்துவிடுவோம். அதற்கப்புறம்தான் அலுவல் தொடங்கும்.

அடுத்து வருவதற்கு அங்கே 'கன்சென்ட் கேலண்டர்' என்று பெயர். ஒப்புதல் பட்டியல் என்று நான் சொல்கிறேன். சர்ச்சை வராது என்று கருதப்படுகிற பொருள்கள் அத்தனையும் இதில் இருக்கும். போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, பாலம் பழுது பார்க்கும் ஒப்பந்தம், மாநில அரசின் மானியத்தை ஏற்பது, நூலகத்துக்கு வந்த நன்கொடை, கொசு ஒழிப்பு வாரியத்துக்கு உறுப்பினர் நியமனம், சிறைக் கைதிகளின் சாப்பாட்டு ஒப்பந்தத்தில் திருத்தம். இருபது, நாற்பது, சில நாள் அதற்கும் மேல்.

தலைவர் கேட்பார்: "ஒப்புதல் பட்டியலிலிருந்து யாராவது எதையாவது எடுக்கிறீர்களா?"

ஒருவர் சொல்வார்: "பதினேழு."

"மீதியை முன்மொழிகிறேன்." "வழிமொழிகிறேன்." கிளார்க் பெயர் வாசிப்பார். ஆம், ஆம், ஆம், ஆம், ஆம். முடிந்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் பல கோடி டாலர் கைமாற அனுமதி கிடைத்திருக்கும்.

இதைப் பார்த்ததும் நம் ஊர் நகராட்சியில் 'ஆல் பாஸ்' என்று மேசையைத் தட்டுவது நினைவுக்கு வரும். வேறுபாடு இருக்கிறது. ஒப்புதல் பட்டியல் தன்னளவில் தவறான ஏற்பாடு அல்ல. கல்யாண வீட்டு மளிகைச் சீட்டை யாரும் பந்தலில் உட்கார்ந்து வரி வரியாக விவாதிப்பதில்லை. விவாதித்தால் முகூர்த்தம் தப்பிவிடும். ஆனால் சீட்டைக் கடைக்கு அனுப்புவதற்கு முன்னால் விவரம் தெரிந்த ஒருவர் அதன் மேல் ஒருமுறை கண் ஓட்டியிருப்பார். ஒப்புதல் பட்டியலின் உயிரும் அங்கேதான் இருக்கிறது. "பதினேழு" என்று ஒரு உறுப்பினர் சொன்ன உடனே அந்தப் பொருள் பட்டியலிலிருந்து வெளியே வந்து தனியாக நிற்க வேண்டும். துறை அதிகாரி எழுந்து பதில் சொல்ல வேண்டும். அந்த ஒற்றை எண்ணைச் சொல்லும் உரிமைதான் மற்ற முப்பத்தொன்பதையும் மொத்தமாக நிறைவேற்றுவதை நியாயப்படுத்துகிறது. ஆனால் பதினேழு என்று சொல்ல, பதினேழை யாரோ படித்திருக்க வேண்டும்.

படிப்பது என்றால் எப்படி? ஒரு பொருளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் ஊழியர் அறிக்கை ஒன்று இருக்கும். மேலே, பரிந்துரைக்கப்படும் நடவடிக்கை. அதற்குக் கீழே, நிதி விளைவு. பிறகு பின்னணி, காரணம், ஏற்காவிட்டால் என்ன ஆகும் என்ற குறிப்பு, இணைப்புகள். ஒரு பேச்சுக்கு, 'மென்பொருள் பராமரிப்பு ஒப்பந்தத்தின் நான்காவது திருத்தத்துக்கு ஒப்புதல்' என்று வைத்துக்கொள்வோம். தலைப்பைப் பார்த்தால் கொட்டாவி வரும். இங்கே கவனிக்க வேண்டியது மூன்று.

ஒன்று, 'நான்காவது' என்ற சொல். அப்படியென்றால் முதல் மூன்று திருத்தங்களில் உச்சவரம்பு எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு ஏறியது? முதல் ஒப்பந்தம் போட்டி டெண்டரில் போயிருக்கலாம். திருத்தங்கள் டெண்டர் இல்லாமலே வளர்ந்திருக்கலாம். இரண்டு, நிதி விளைவுப் பகுதியில் 'பொது நிதிக்குக் கூடுதல் செலவு இல்லை' என்று எழுதியிருந்தால், பணம் எங்கிருந்து வருகிறது? மாநில மானியம் என்றால், மானியம் நின்ற பிறகு யார் கட்டுவது? மூன்றாவது, எல்லாவற்றுக்கும் கடைசியில் வரும் ஒரு வரி: இனி வரும் திருத்தங்களிலும் கையெழுத்திட இயக்குநருக்கு அதிகாரம் வழங்கப்படுகிறது. அந்த வரி நிறைவேறிவிட்டால், ஐந்தாவது திருத்தம் சொல்லப்பட்ட வரம்புக்குள் இருக்கிறவரை இந்த மேசைக்கே வராது. அதிகாரத்தைக் கைமாற்றிக் கொடுப்பது தேவைதான். பேனா ரீஃபில் வாங்கவெல்லாம் போர்டு கூட முடியாது. ஆனால் எவ்வளவு தொகை வரை, எத்தனை ஆண்டு வரை என்று அந்த வரியில் இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை.

இந்த அறிக்கைகள் நம் கைக்கு வருவதே ஒரு சண்டையில் கிடைத்த உரிமை. 1952-ல் 'சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள்' நாளிதழின் செய்தியாளர் மைக்கேல் ஹாரிஸ் ஒரு தொடர் எழுதினார். கலிஃபோர்னியாவின் நகர மன்றங்களும் கவுண்டி போர்டுகளும் கதவைச் சாத்திக்கொண்டு முடிவெடுத்துவிட்டு, பிறகு வெளியே வந்து கையைத் தூக்குகின்றன என்பதை அந்தத் தொடர் அம்பலப்படுத்தியது. மொடெஸ்டோவிலிருந்து தேர்வான சட்டமன்ற உறுப்பினர் ரால்ஃப் பிரவுன் மசோதா கொண்டுவந்தார். 1953-ல் ஆளுநர் ஏர்ல் வாரன் கையெழுத்திட்டார். இன்றைக்கும் அதன் பெயர் பிரவுன் சட்டம்.

அந்தச் சட்டம் சொல்வது எளிது. வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்னதாக மக்கள் பார்க்கிற இடத்தில் வைக்க வேண்டும். சிறப்புக் கூட்டம் என்றால் 24 மணி நேரம். நிரலில் இல்லாத பொருள் மேல், சட்டம் சொல்கிற சில அவசரங்கள் தவிர, முடிவெடுக்கக் கூடாது. வழக்கு, ஊழியர் விவகாரம், நில பேரம் போன்ற சிலவற்றை மட்டும் மூடிய அறையில் பேசலாம். அங்கே சட்டம் குறிப்பிடும் முடிவு எதுவும் எடுத்தால் வெளியே வந்து அறிவிக்க வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது தொடர்ச் சந்திப்புக்குப் போட்ட தடை. ஐவர் குழுவில் மூவர் சேர்ந்தால் பெரும்பான்மை. எனவே இரண்டு பேர் தனியாகப் பேசிக்கொள்ளலாம். மூன்றாமவரிடம் விஷயம் போகக் கூடாது. ஒருவர் இரண்டாமவருக்குப் போன் செய்து, அவர் மூன்றாமவருக்குச் சொன்னாலும் தவறு. உதவியாளர் நடுவில் தூது போனாலும் தவறு. ஐந்து பேரும் ஒரே கல்யாண விருந்துக்கு வரலாம், ஒரே பந்தியில் உட்காரலாம். கவுண்டி விஷயத்தை மட்டும் இலையில் பரிமாறிக்கொள்ளக் கூடாது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது அதிகப்படியாகத் தோன்றும். ஆனால் மேடையில் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கேட்கிற கேள்விகள் உண்மையான கேள்விகளாக இருப்பதற்கு இந்தத் தடையும் ஒரு காரணம்.

முன்மொழி, வழிமொழி என்கிற ஒழுங்குக்கும் வரலாறு உண்டு. ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்ற ராணுவப் பொறியாளர் 1863-ல் மாசசூசெட்ஸின் நியூ பெட்ஃபர்டில் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கினார். கூட்டம் அவர் கைமீறிப் போனது. அந்த அவமானத்திலிருந்து பிறந்த விதித் தொகுப்பு 1876-ல் அச்சானது. கலிஃபோர்னியாவின் சிறிய மன்றங்களுக்கு அது அளவுக்கு மீறிய சட்டை. அதனால் டேவ் ரோசன்பெர்க் என்ற நீதிபதி எளிமையான விதிகளை எழுதினார். பல மன்றங்கள் இன்று அதைத்தான் பின்பற்றுகின்றன. அவரே முன்பு யோலோ கவுண்டியில் சூப்பர்வைசராக இருந்தவர். கூட்டத்தில் உட்கார்ந்து அவதிப்பட்டவருக்குத்தான் எந்த விதி தேவை, எது தேவையில்லை என்று தெரியும்.

இப்போது நம் பங்குக்கு வருவோம். பொதுமக்கள் கருத்து. இது பிரவுன் சட்டத்தில் 1986-ல் வந்து சேர்ந்த உரிமை. மேடைக்கு முன் ஒலிபெருக்கி, பக்கத்தில் கடிகாரம். பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு. பேச இரண்டு அல்லது மூன்று நிமிடம். வருகிறவரின் பெயரைக் கேட்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. அரசின் கொள்கையைத் திட்டிப் பேசினால் தடுக்க முடியாது.

இங்கே கவனமாகக் கேளுங்கள். பேசுகிறவர் குடிமகனாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வாக்காளராக இருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. கிரீன் கார்டுக்கு ஆண்டுக்கணக்காக வரிசையில் நிற்கிற நம் இளைஞர்களுக்கு ஓட்டு இல்லை. ஆனால் இந்த ஒலிபெருக்கி உண்டு. அதுமட்டுமல்ல. மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசுகிறவருக்கு நேரத்தை இரட்டிப்பாக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பேரப்பிள்ளையைப் பார்க்க வந்திருக்கிற உங்கள் அம்மா, பூங்காவில் கழிப்பறை ஏன் பூட்டியே கிடக்கிறது என்று தமிழிலேயே கேட்கலாம். நமக்கு மூன்று நிமிடம் என்றால் அவருக்கு ஆறு.

ஒரு ஏமாற்றத்துக்கும் தயாராக இருங்கள். நீங்கள் உருக்கமாகப் பேசி முடிப்பீர்கள். மேடையில் ஐந்து முகங்களிலும் சலனம் இருக்காது. "நன்றி, அடுத்தவர்" என்று தலைவர் சொல்வார். திமிர் என்று நினைக்கத் தோன்றும். நிரலில் இல்லாததை நீங்கள் பேசினால் அவர்கள் அதை விவாதிக்கச் சட்டம் அனுமதிக்காது. சுருக்கமாக ஒரு பதில் சொல்லலாம், அதிகாரியைக் கவனிக்கச் சொல்லலாம், அடுத்த நிரலில் சேர்க்கச் சொல்லலாம், அவ்வளவுதான். எல்லாரையும் காக்கிற 72 மணி நேர விதிதான் இங்கே உங்களுக்குச் சுவராக நிற்கிறது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் பொதுவாகப் புலம்பிவிட்டு வருவதில்லை. நிரலில் இருக்கிற ஒரு பொருள் எண்ணைப் பிடித்துக்கொண்டு, வாக்கெடுப்புக்கு முன் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். அப்போது அந்த ஐவருக்கும் பதில் சொல்ல வாய் இருக்கிறது.

சரி, இத்தனை விதி இருந்தும் தவறு நடக்கவில்லையா? நடந்தது. இரண்டு கதைகள் சொல்கிறேன்.

முதல் கதை ஆரஞ்சு கவுண்டி. டிஸ்னிலேண்ட் இருக்கிற கவுண்டி, பணக்காரக் கவுண்டி. அங்கே ராபர்ட் சிட்ரன் என்பவர் 1970-களின் தொடக்கத்திலிருந்து கருவூலப் பொறுப்பில் இருந்தார், தேர்ந்தெடுக்கப்பட்ட பதவி. கவுண்டியின் பணம் மட்டுமல்ல, நகரங்கள், பள்ளி மாவட்டங்கள், குடிநீர் வாரியங்கள் என்று ஏறத்தாழ இருநூறு அமைப்புகளின் பணமும் அவரிடம் ஒரே நிதியாகக் குவிந்திருந்தது. சுமார் 750 கோடி டாலர். அதை அடமானமாகக் காட்டிக் கடன் வாங்கி, 2,000 கோடிக்கும் மேலாகப் பெருக்கி, வட்டி விகிதம் ஏறாது என்ற நம்பிக்கையில் முதலீடு செய்தார். ஆண்டுக்கு ஆண்டு மற்ற கவுண்டிகளைவிடக் கூடுதல் வருமானம் வந்தது. வருமானம் வருகிறபோது யார் கேள்வி கேட்பார்கள்?

ஒருவர் கேட்டார். ஜான் மூர்லாக் என்ற கணக்காளர் 1994-ல் அதே பதவிக்கு சிட்ரனை எதிர்த்துத் தேர்தலில் நின்றார். இந்த முதலீடு கவிழப் போகிறது என்று ஊர் ஊராகச் சொன்னார். தோற்றுப்போனார். அந்த ஆண்டு பிப்ரவரியிலிருந்தே அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்றத் தொடங்கியிருந்தது. டிசம்பர் 6 அன்று ஆரஞ்சு கவுண்டி திவால் மனு போட்டது. நஷ்டம் ஏறத்தாழ 160 கோடி டாலர். அதுவரை அமெரிக்க உள்ளாட்சி வரலாற்றில் அவ்வளவு பெரிய திவால் நடந்ததில்லை. ஊழியர்கள் வேலை இழந்தார்கள், சேவைகள் வெட்டப்பட்டன. வட்டி எப்படிப் போகும் என்று சிட்ரன் ஒரு ஜோசியரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது பிறகு வெளிவந்த சாட்சியம். நம்மவர்கள் சிரிக்க வேண்டாம். நாமும் நல்ல நேரம் பார்த்துத்தான் வீடு வாங்குகிறோம். ஆனால் அடுத்தவர் பணத்தில் அல்ல.

எனக்கு இந்தக் கதையில் சிட்ரன் முக்கியமில்லை. மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஐந்து பேர்தான் முக்கியம். அவர்கள் அந்தப் பணத்தில் ஒரு காசு எடுத்ததாகச் சொல்வாரில்லை. கருவூலத்தை மேற்பார்வை பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான். கவுண்டி வெளியிட்ட கடன் பத்திரங்களுக்கு அவர்கள்தான் ஒப்புதல் கொடுத்தார்கள். அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 1996-ல் ஒரு அறிக்கை வெளியிட்டது. ஊழியர்களும் ஆலோசகர்களும் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிட முடியாது; கவுண்டியின் நிதிநிலை பற்றித் தாங்கள் அறிந்ததை வைத்து, கையெழுத்திடும் ஆவணத்தில் அது சொல்லப்பட்டிருக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டியது போர்டு உறுப்பினர்களின் கடமை என்பதே அதன் சாரம். நாற்பது ஆண்டுக்கு முன்பே பிரவுன் சட்டம் கதவைத் திறந்து வைத்திருந்தது. காகிதங்களும் இருந்தன. படித்தவரைத்தான் மக்கள் தேர்தலில் தோற்கடித்தார்கள். திவாலுக்குப் பிறகு அதே மூர்லாக்கைக் கூப்பிட்டுக் கருவூலத்தைக் கொடுத்தார்கள்.

இரண்டாவது கதை நேற்று நடந்தது போல. 2020 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் வாக்காளர்கள் 'மெஷர் ஜே' என்ற திருத்தத்தை நிறைவேற்றினார்கள். கவுண்டியின் தடையில்லாத சொந்த வருவாயில் குறைந்தது பத்து சதவீதம் சமூக முதலீட்டுக்கும் சிறைக்கு மாற்றான சேவைகளுக்கும் போக வேண்டும் என்பது அதன் சாரம். வழக்கில் சிக்கியது, மேல்முறையீட்டில் உயிர்பிழைத்தது. ஆனால் அதைக் கவுண்டியின் அடிப்படைச் சாசனத்தின் ஏட்டில் சேர்த்து எழுத வேண்டிய எழுத்தர் வேலை நடக்காமல் போய்விட்டது. 2024-ல், நான் முதலில் சொன்ன ஒன்பது பேர் திருத்தம், அதாவது 'மெஷர் ஜி', பழைய ஏட்டை வைத்து எழுதப்பட்டது. அதே பிரிவை அது முழுதாக மாற்றி எழுதியது. விளைவு, வாக்காளர்கள் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் தெரியாமலே அழித்துவிட்டார்கள். 2028-ல் முந்தைய திருத்தம் காணாமல் போய்விடும் என்ற நிலை உருவானது. கவுண்டியின் வழக்கறிஞர்கள், எதிர்த்துப் பிரசாரம் செய்தவர்கள், ஆதரித்தவர்கள், பத்திரிகைகள், ஒருவர் கண்ணிலும் படவில்லை. 2025-ல் இதைக் கண்டுபிடித்தவர் சிறு நகரம் ஒன்றின் முன்னாள் மன்ற உறுப்பினர். சீர்திருத்தப் பணிக்குழுவில் இருந்ததால் சாசனத்தின் வாசகங்களை எடுத்து வைத்துப் படித்திருக்கிறார். படித்தார், பொருந்தவில்லை, கேட்டார். வேறு எந்த வீரமும் தேவைப்படவில்லை.

உட்கார்ந்து படித்தால் போதும் என்ற என் வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியது நிறைய இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்குக் கூட்டம் வைத்தால் வேலைக்குப் போகிறவன் எப்படி வருவான்? நிரலோடு வருகிற இணைப்புகள் சில வாரம் ஆயிரம் பக்கத்தைத் தாண்டுகின்றன. 72 மணி நேரத்தில் அதை எவர் படிக்க முடியும்? முன்பெல்லாம் நமக்காகப் படிக்க உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் பின் வரிசையில் உட்கார்ந்திருப்பார். 2005-லிருந்து இந்த நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான செய்தித்தாள்கள் மூடப்பட்டுவிட்டன. மைக்கேல் ஹாரிஸ் உட்கார்ந்த நாற்காலி பல ஊர்களில் காலி. மக்களைக் களைப்படையச் செய்வதே இந்த நடைமுறையின் உள்நோக்கம் என்று சொல்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. முழுவதும் மறுக்க மாட்டேன். சலிப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது அதிகாரத்துக்குக் கைவந்த கலை.

ஆனால் அதற்கு மருந்து நடைமுறையைத் தூக்கி எறிவது அல்ல. நடைமுறை இல்லாத கூட்டத்தில் குரல் பெரிதாக உள்ளவன் ஜெயிப்பான். நடைமுறை உள்ள கூட்டத்தில், படித்துவிட்டு வந்தவனுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஆயிரம் பக்கத்தையும் ஒருவரே படிக்க வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு பொருள் போதும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31-க்குள், அடுத்த ஆண்டு பதவிக்காலம் முடிகிற குழுக்கள், வாரியங்கள், ஆணையங்களின் பட்டியலைக் கவுண்டி வெளியிட வேண்டும் என்பது கலிஃபோர்னியாவின் சட்டம். நூலக ஆலோசனைக் குழு, மூத்தோர் நலக் குழு, கொசு ஒழிப்பு வாரியம். பல இடங்கள் விண்ணப்பிக்க ஆளில்லாமல் கிடக்கின்றன. நம் சங்கத்தின் பொருளாளர் பதவிக்கு நடக்கிற போட்டியில் பத்தில் ஒரு பங்கு அங்கே இருந்தால் போதும்.

இந்த அரங்கில் இருப்பவர்களில் பாதிப் பேர் மென்பொருள் துறை. கவுண்டி ஆண்டுதோறும் மென்பொருள் உரிமங்கள், கிளவுட் சேமிப்பு, தரவு மாற்றம் என்று ஒப்பந்தம் மேல் ஒப்பந்தம் போடுகிறது. அவை ஒப்புதல் பட்டியலில் வருகின்றன. உங்களில் சிலர் இதே பொருள்களை உங்கள் கம்பெனிக்காகப் பேரம் பேசி வாங்குகிறவர்கள், சிலர் விற்கிறவர்கள். ஓர் உரிமத்துக்கு என்ன விலை, எது தேவையில்லாத தலைச்சுமை, எந்த வேலைக்கு எத்தனை மாதம் பிடிக்கும் என்று உங்களுக்கு அத்துப்படி. மருத்துவமனையில் வேலை செய்கிறவர்களுக்கு மருத்துவ ஒப்பந்தம் புரியும். கட்டுமானத்தில் இருப்பவர்களுக்குப் பாலத்தின் மதிப்பீடு புரியும். அந்த ஐந்து சூப்பர்வைசர்களுக்கும் எல்லாம் தெரிந்திருக்க வழியில்லை. தெரிந்தவர் எழுதி அனுப்பினால் அவர்களில் ஒருவர் "பதினேழு" என்று சொல்ல அதுவே காரணமாகும்.

அடுத்த கூட்டத்தின் நிரல் வெளிவந்ததும் உங்கள் தொழிலுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரே ஒரு பொருளைத் திறங்கள். எத்தனையாவது திருத்தம், பணம் எங்கிருந்து, அதிகாரம் யாருக்கு என்ற மூன்றைப் பாருங்கள். சரியாக இருந்தால் விட்டுவிடுங்கள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். சரியில்லை என்று பட்டால் கிளார்க்குக்கு நாலு வரி எழுதுங்கள். அந்தத் தொகை நியாயமா என்று சொல்ல உங்களைவிடத் தகுதியானவர் அன்று காலை அந்த அறையில் இல்லாமலே போகலாம்.